மக்கும் பை மக்குமா?

ஒரு நாள் மாலை. எங்கள் வகுப்புக்கு வரும் மீன்கார அக்கா கையில் ஒரு கட்டுப் பையோடு வந்தார். எல்லாம் பச்சை நிறப் பைகள். ஒரு கட்டில் 100 பைகள். சந்தையில் வாங்கியவை.

"மக்களே, இதுல என்ன எழுதியிருக்கு? வாசிச்சுச் சொல்லு" என்றார்.

பையில் தமிழ் இல்லை. மலையாளமும் இல்லை. எல்லாம் ஆங்கிலம். ஓர் இலையின் படம் இருந்தது. அதன் கீழே "நான் பிளாஸ்டிக் பை அல்ல" என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 'பயோடிகிரேடபிள்' என்று ஒரு சொல்.

"மக்கிப் போகும் என்று அர்த்தம் அக்கா" என்றேன்.

"கடைக்காரரும் அதத்தான் சொன்னாரு. இது மக்கும் பையாக்கும், யாரும் பிடிக்க மாட்டாங்கன்னு சொன்னாரு. மத்த பையைவிட விலை கூடுதல். கொடுத்து வாங்கியாச்சு. நெசமாட்டே மக்குமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை.

அக்கா சும்மா கேட்கவில்லை. கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதல், ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. மீறி விற்றால் முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம் என்று அப்போது அறிவித்தார்கள். இரண்டாம் தடவை 25,000 ரூபாய். அதற்கு மேல் 50,000 ரூபாய். ரோட்டோரம் இருந்து மீன் விற்பவருக்கு 10,000 ரூபாய் சின்னத் தொகையா? அந்தப் பயத்தில்தான் அக்கா கூடுதல் விலை கொடுத்தார். பிடிபட மாட்டோம், மண்ணும் கெடாது என்று நம்பினார்.

நான் பத்தாம் வகுப்போடு நின்ற ஆள். விஞ்ஞானம் படித்ததில்லை. ஆனாலும் தெரிந்தவர்களிடம் கேட்டேன். கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மக்குவது என்றால் என்ன?

சாப்பிட்ட வாழை இலையைத் தென்னை மூட்டில் போடுகிறோம். கொஞ்ச நாளில் இலையைக் காணோம். எங்கே போயிற்று?

மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. இவற்றுக்கு நுண்ணுயிர்கள் என்று பெயர். இட்லி மாவைப் புளிக்க வைப்பவையும் நுண்ணுயிர்கள்தான். இவை இலையைத் தின்கின்றன. தின்று, நம்மைப் போலவே மூச்சு விடுகின்றன. இலையில் ஒரு பங்கு காற்றோடு போகிறது. ஒரு பங்கு நீராகிறது. மீதி உரமாகிறது. இதுதான் மக்குவது.

பாலிதீன் பை பெட்ரோலிய எண்ணெயில் இருந்து வருவது. அது மிக நீளமான சங்கிலி போல அமைந்த பொருள். அந்தச் சங்கிலியைக் கடித்துத் துண்டாக்க நுண்ணுயிர்களுக்குத் தெரியாது. இலை இந்தப் பூமியில் கோடி கோடி ஆண்டுகளாக இருக்கிறது. பாலிதீன் பை நம் தாத்தா காலத்தில் வந்தது. இதைத் தின்னப் பழகுவதற்கு நுண்ணுயிர்களுக்குக் காலம் போதவில்லை.

மரச்சீனிக் கிழங்கின் மாவும் ஒரு நீளச் சங்கிலிதான். ஆனால் அது தின்னக்கூடிய சங்கிலி. நாமும் தின்போம், நுண்ணுயிரும் தின்னும். சரி, பிளாஸ்டிக்குக்குப் பதில் மாவில் பை செய்தால் என்ன? உலகம் முழுவதும் பலர் இப்படி யோசித்தார்கள். நம் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1963-ல் தொடங்கியது. அங்கேயும் மரச்சீனி மாவைச் சேர்த்துப் பிளாஸ்டிக் செய்யும் வழியை ஆராய்ந்தார்கள். (திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா. 1880 முதல் 1885 வரை ஆண்டவர். பஞ்சத்துக்கு உதவும் என்று பரப்பிய கிழங்கு, பை செய்யவும் உதவும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.)

எல்லாம் ஒரே பை அல்ல

'மக்கும் பை' என்ற பெயரில் சந்தைக்கு வருபவை ஒரே ஜாதி அல்ல. வெளியே பார்த்தால் எல்லாம் பச்சை. உள்ளே வேறு வேறு.

உண்மையாக மக்கக்கூடியது ஒரு வகை. இதற்கு 'கம்போஸ்டபிள்' என்று பெயர். சோளம் போன்றவற்றின் மாவில் இருந்து சர்க்கரை எடுத்து, அதைப் புளிக்க வைத்து, அதில் இருந்து செய்கிறார்கள். வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக இதில் வேறொரு பொருளையும் கலப்பது உண்டு. அந்தப் பொருள் பெட்ரோலிய எண்ணெயில் இருந்து வருவது. ஆனாலும் மக்கும். ஆகவே 'மாவில் செய்தது' என்பதும் 'மக்கும்' என்பதும் ஒன்றல்ல.

இன்னொரு வகை உண்டு. பழைய பாலிதீன்தான். அதில் ஒரு மருந்தைக் கலக்கிறார்கள். வெயில் பட்டால் அது உதிரும். பார்ப்பவர்கள் 'ஆகா, மக்கிவிட்டது' என்று நினைப்பார்கள். மக்கவில்லை. தூளாகிவிட்டது. அவ்வளவுதான். பழைய ஓலைப்பாய் பொடிந்தால் மண்ணாகும். பாலிதீன் பொடிந்தால் பாலிதீன் பொடி. முழுப் பையையாவது குனிந்து எடுக்கலாம். பொடியை எப்படி எடுப்பது? மழை அதை வயலுக்கும் ஆற்றுக்கும் கொண்டு போகும். மீனின் வயிற்றுக்குள்ளும் போகும். இந்த வகைப் பிளாஸ்டிக்கை ஐரோப்பிய நாடுகள் 2021 ஜூலையில் தடை செய்துவிட்டன. என் கணக்கில் சாதாரணப் பையைவிட இது மோசம். சாதாரணப் பை 'நான் மக்குவேன்' என்று பொய் சொல்வதில்லை.

மூன்றாவது வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அது சுத்த ஏமாற்று. சாதாரணப் பிளாஸ்டிக்கில் பச்சை மையும் இலைப் படமும். அக்கா வாங்கியது எந்த வகை என்று வெறும் கண்ணால் சொல்ல முடியவில்லை.

குழி தோண்டிப் பார்த்தோம்

கண்ணால் முடியாவிட்டால் மண்ணால் பார்க்கலாம் என்றார் ஒரு பெரியவர். பனை ஏறியவர். வகுப்பில் எல்லாரையும்விட மூத்தவர். அது இடவப்பாதி மழை தொடங்கும் நேரம். வகுப்பு நடக்கும் வீட்டின் பின்னால், தென்னை மூட்டில் ஒரு குழி தோண்டினோம். ஒரு வாழை இலை, ஒரு பழைய பருத்தித் துண்டு, ஒரு பாக்குமட்டைத் தட்டு, அக்காவின் பச்சைப் பை ஒன்று. நான்கையும் போட்டு மூடினோம்.

ஓணம் முடிந்து திறந்து பார்த்தோம். வாழை இலையைக் காணோம். துண்டைத் தொட்டதும் கிழிந்து கையோடு வந்தது. மட்டைத் தட்டு கறுத்து இளகியிருந்தது. பை? மண்ணைத் தட்டிவிட்டால் மீண்டும் மீன் போடலாம். இலைப் படம்கூட அழியவில்லை.

"பத்தாயிரத்துக்குப் பயந்து வாங்கினேன். இது நம்ம எல்லாத்தையும்விடக் கூடுதல் நாள் இருக்கும் போலிருக்கே" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் இதே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் ஐந்து வகைப் பைகளை மண்ணில் புதைத்தார்கள். கடலிலும் போட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2019-ல், முடிவை வெளியிட்டார்கள். 'பயோடிகிரேடபிள்' என்று எழுதிய பை மூன்று ஆண்டு மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும் கடைச் சாமான் சுமந்தது. 'கம்போஸ்டபிள்' பை கடலில் மூன்று மாதத்தில் மறைந்துவிட்டது. ஆனால் அதே பை மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது. சாமான் வைத்தால் மட்டும் கிழிந்தது.

உண்மையான 'கம்போஸ்டபிள்' பையே மண்ணில் ஏன் மக்கவில்லை?

சூடுதான் விஷயம்

மாட்டுச் சாணத்தையும் சருகையும் பெரிய குவியலாகப் போட்டு வைத்திருப்பார்கள். நடுவில் கை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது சூடு உண்டாகிறது. குவியல் பெரிதாக இருந்தால் சூடு வெளியேறாமல் உள்ளேயே தங்கும்.

'கம்போஸ்டபிள்' பைக்கு ஒரு சோதனை உண்டு. 180 நாளுக்குள் 100-க்கு 90 பங்கு மக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையை நடத்துவது 58 டிகிரி சூட்டில். நாம் குளிக்கும் வெந்நீர் ஏறக்குறைய 40 டிகிரிதான். 58 டிகிரியில் கையை வைத்திருக்க முடியாது. அந்தச் சூடு பல வாரம் நிற்க வேண்டும். ஈரம் வேண்டும். காற்றும் வேண்டும். பெரிய உரத் தொழிற்சாலையில் இதெல்லாம் கிடைக்கும். நம் கொல்லையில் உள்ள சின்னக் குழிக்கு அந்தச் சூடு வராது. ஓடைக்கும் ரோட்டோரத்துக்கும் வரவே வராது.

ஆகவே 'மக்கும்' என்ற சொல்லுக்குப் பின்னால் சொல்லாமல் விட்ட ஒரு பாதி இருக்கிறது. 'இன்ன இடத்தில், இன்ன சூட்டில், இத்தனை நாளில்' என்பதுதான் அந்தப் பாதி. பையில் முன்பாதியைப் பெரிய எழுத்தில் அடிக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் தடை 2019 ஜனவரி 1-ல் வந்தது. கேரளத்தில் அடுத்த ஆண்டு அதே நாளில் வந்தது. இடையில் ஓராண்டு, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தடை, இந்தப் பக்கம் இல்லை. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. மனிதர்களுக்குப் போட்ட கோடு அது. பைக்கு அந்தக் கோடு தெரியாது.

பிறகு இந்தியா முழுவதற்கும் சட்டம் வந்தது. 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு, டம்ளர் போன்றவற்றுக்குத் தடை. 2022 டிசம்பர் 31 முதல், கைப்பை 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 120 மைக்ரான் என்றால் தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். தடித்த பைக்கு விலை கூடுதல். அதனால் சும்மா கொடுக்க மாட்டார்கள். வாங்கியவர் திரும்பவும் உபயோகிப்பார். ஆக்கர் கடைக்காரரும் எடுத்துக்கொள்வார். நல்ல யோசனைதான்.

ஆனால் 'கம்போஸ்டபிள்' பைக்கு இந்தத் தடிமன் கணக்கு இல்லை. மெல்லியதாகவே இருக்கலாம். இப்போது புரிகிறதா, ஏன் இத்தனை பச்சைப் பைகள் வருகின்றன என்று? மெல்லிய பை விற்க ஒரு வாசல் திறந்திருக்கிறது. நேர்மையானவர்களும் அதன் வழியே வருகிறார்கள். மற்றவர்களும் வருகிறார்கள்.

அந்த வாசலிலும் ஒரு பூட்டு உண்டு. உண்மையான பையில் 'கம்போஸ்டபிள்' என்ற சொல் இருக்க வேண்டும். செய்த கம்பெனியின் பெயர் இருக்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த சான்றிதழின் எண் இருக்க வேண்டும். அக்காவின் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இலைப் படம் இருந்தது. கம்பெனிப் பெயர் இல்லை. எண் இல்லை. எண்ணைத் தேட ஆங்கிலம் தெரிய வேண்டாம். 1, 2, 3 தெரிந்தால் போதும். அக்காவுக்கு அது வகுப்புக்கு வருவதற்கு முன்பே தெரியும். மீன் விற்றுப் பழகிய கணக்கு.

ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்

சான்றிதழ் எண் உள்ள நல்ல பை என்றே வைத்துக்கொள்வோம். உபயோகித்த பிறகு அது எங்கே போகும்?

நம் வீடுகளுக்கு ஹரித கர்ம சேனைப் பெண்கள் வருகிறார்கள். பல பஞ்சாயத்துகளில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வாங்குகிறார்கள். பிளாஸ்டிக்கைச் சாக்கில் வாங்கிப் போய், தரம் பிரித்து, மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள். பாலிதீனை உருக்கி வேறு பொருள் செய்யலாம். அந்தச் சாக்கில் 'கம்போஸ்டபிள்' பை கலந்தால்? அது வேறு பொருள். கூட உருகினால் தரம் கெடும். அரிசியில் கல் கலந்த மாதிரி. சரி, சாப்பாட்டுக் கழிவோடு போடலாம் என்றால், உரம் செய்யும் இடத்தில் எந்தப் பையைப் பார்த்தாலும் பிளாஸ்டிக் என்று எடுத்து எறியத்தான் தோன்றும். ஒவ்வொரு பையாகப் படித்துப் பார்க்க யாருக்கு நேரம்? பாவம், அந்தப் பை இரண்டு பக்கமும் சேராது.

பெரிய குப்பை மேட்டுக்குப் போனால் இன்னும் மோசம். காற்றுப் புகாத இடத்தில் மக்கும் பொருளில் இருந்து மீத்தேன் என்ற வாயு வரும். அது தீப்பிடிக்கும். பூமியைச் சூடாக்கும். கொச்சி பிரம்மபுரம் குப்பை மேடு 2023 மார்ச் 2-ல் தீப்பிடித்தது. பத்து நாளுக்கு மேல் புகைந்தது. அங்கே சாப்பாட்டுக் கழிவும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகத்தான் கிடந்தன.

தோட்டில் எறிந்தால்? இதை எழுதும்போது கை நிற்கிறது. திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஆமயிழஞ்சான் தோடு ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது பழக்கம். குப்பை அடைத்தால் ஓடாது. 2024 ஜூலை 13-ம் நாள், அந்தக் குப்பையை வார ஒரு தொழிலாளி இறங்கினார். நம் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர். மழை பெய்தது. தண்ணீர் உயர்ந்து அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. முக்குளிப்பவர்கள் குப்பைக்குள் புகுந்து தேடினார்கள். மூன்றாம் நாள் காலையில்தான் உடல் கிடைத்தது.

அந்தத் தோட்டை அடைத்த பைகளில் எது மக்கும் பை, எது மக்காத பை? யாருக்குத் தெரியும்? 27 மாதத்தில் கிழியும் பையும் ஒரு மழை நாளில் தோட்டை அடைக்கும். 'இது மக்கும்' என்று நம்பினால் எறிவதற்குக் கை இன்னும் எளிதாக நீளும். எனக்கு அதுதான் பெரிய பயம். நெய்யாற்றுப் பாலத்தில் நின்று எறிந்த பை பூவாறு பொழிக்குப் போகும். அங்கிருந்து கடலுக்குப் போகும். அக்கா விற்கும் மீன் அங்கிருந்துதான் வருகிறது.

அப்படியானால் இந்தப் பை எதற்குமே உதவாதா?

உதவும் இடமும் உண்டு. இத்தாலி நாட்டில் மக்காத கைப்பைகளை 2011-ல் தடை செய்தார்கள். மிலான் நகரத்தில் சாப்பாட்டுக் கழிவை 'கம்போஸ்டபிள்' பையில் போட்டு, வீடு வீடாகத் தனியாக வாங்குகிறார்கள். பையும் கழிவும் ஒன்றாகவே பெரிய ஆலைக்குப் போகின்றன. அங்கே சூடு இருக்கிறது. காத்திருந்து வாங்க ஆள் இருக்கிறது. பை முதலில் வரவில்லை. பையைச் செரிக்கும் ஏற்பாடும் கூடவே வந்தது. நம்மிடம் பை மட்டும் வந்திருக்கிறது.

துணிப்பை நல்லதா என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 23-ல் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். நல்லது. ஆனால் பருத்தி விளைக்கத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும். டென்மார்க் நாட்டில் 2018-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். பூமியைச் சூடாக்கும் புகைக் கணக்கை மட்டும் பார்த்தாலே, ஒரு பருத்திப் பையை 52 தடவையாவது உபயோகித்தால்தான் ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். வாரச் சந்தைக்கு ஒரு வருடம் அதே பையைக் கொண்டு போனால் 52 ஆகிவிடும். கல்யாண வீட்டில் வாங்கிய பைகளைப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தால் கணக்கு நேராகாது.

பனை ஏறிய பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, "எங்க காலத்துல கடவத்துல மீன் வரும், தேக்கிலையிலயும் பூவரசிலையிலயும் பொதிஞ்சு வாழைநார்ல கெட்டித் தருவாங்க" என்றார். உண்மைதான். ஆனால் இப்போது அத்தனை இலைக்கு எங்கே போவது? பனை ஏற ஆளே இல்லை. ஓலை முடையத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. இலை இருக்கும் இடத்தில் இலை நல்லது. பாக்குமட்டை கிடைக்கும் இடத்தில் மட்டைத் தட்டு நல்லது. நம் குழியிலேயே அது மக்கியதைப் பார்த்தோமே.

மீன் வேறு விஷயம். தண்ணீர் சொட்டும். துணிப்பையில் கொடுத்தால் வாங்குபவர் திட்டுவார். பை கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவார். "படிச்சவங்க சொல்லிட்டுப் போயிருவீங்க. மீன் சீயும்போது நானாக்கும் பார்க்கணும்" என்றார் அக்கா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் அக்கா மீதிப் பைகளைக் கடைக்காரரிடம் கொண்டு போனார். "நம்பர் எங்கே?" என்று கேட்டார். கடைக்காரர் பையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பாதிப் பணம் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது அக்காவின் கடையில் ஓர் அட்டை தொங்குகிறது. அக்காவே எழுதியது. 'சட்டி கொண்டு வந்தால் மீன் கூடுதல்.' ட-வுக்குப் பக்கத்தில் இன்னொரு ட சேர்க்க இடம் போதாமல் மேலே எழுதியிருக்கிறார். கீழே பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் மலையாளத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். சட்டி கொண்டு வருபவருக்கு இரண்டு சாளை கூடுதலாக விழும். பாதிப் பேர் கொண்டு வருகிறார்கள். மீதிப் பேர் இன்னும் பை கேட்கிறார்கள்.

தென்னை மூட்டுக் குழியில் அந்தப் பச்சைப் பையைத் திரும்பவும் போட்டு மூடியிருக்கிறோம். அடுத்த ஓணத்துக்குத் திறப்போம்.